ஏழு ஆப் இருந்தும் கடைசித் தேதி மறந்தது எப்படி? – ஓர் ஆசிரியையின் செல்போன் கதை

என் அக்கா விருதுநகர் மாவட்டத்தில் அரசு உதவிபெறும் பள்ளி ஒன்றில் கணக்கு ஆசிரியை. எட்டாம் வகுப்புக்கு வகுப்பாசிரியரும் அவர்தான். போனில் பேசும்போது "சாப்பிட்டியாடா?"வுக்கு அடுத்து அவர் கேட்கும் கேள்வி, "புதுசா ஏதாவது ஆப் வந்திருக்கா?" என்பதாகத்தான் இருக்கும். நானும் ஐடி மூளையோடு ஏதாவது ஒன்றைச் சொல்லிவைப்பேன். இப்படியே மூன்று வருடத்தில் அவர் போனில் வேலைகளைக் குறித்துவைக்க மட்டும் ஏழு இடங்கள் சேர்ந்துவிட்டன: கூகுள் கீப், கூகுள் காலண்டர், எவர்நோட், ட்ரெல்லோ, மைக்ரோசாஃப்ட் டு டூ, நோஷன், இது போக வாட்ஸ்அப்பில் தனக்குத் தானே அனுப்பிக்கொள்ளும் மெசேஜ்கள்.

அப்படியிருந்தும் ஒரு கடைசித் தேதி தப்பப் பார்த்தது.

அரையாண்டு விடுமுறை முடிந்து பள்ளி திறந்த நேரம். எட்டாம் வகுப்பு மாணவர்கள் எழுதும் தேசிய வருவாய் வழி மற்றும் திறன் படிப்புதவித் தொகைத் தேர்வுக்கு, அதாவது என்எம்எம்எஸ் தேர்வுக்கு, பள்ளி வழியாக விண்ணப்பங்களைப் பதிவேற்ற வேண்டும். ஹெச்எம் கடைசித் தேதியை ஆசிரியர்கள் வாட்ஸ்அப் குழுவில் போட்டார். அக்காவும் அதைப் பார்த்தார், ஓர் ஆப்பில் நினைவூட்டலும் வைத்தார். ஆனால் அந்த வாரம்தான் நான் சொல்லி அவர் வேறு ஆப்புக்கு மாறிக்கொண்டிருந்தார். பழையது 'டிங் டிங்' என்று தொல்லை கொடுக்கிறது என்று அதன் நோட்டிஃபிகேஷனை ஏற்கெனவே நிறுத்திவைத்திருந்தார். நினைவூட்டல் சரியான நேரத்துக்கு வந்திருக்கும், சத்தம் வராமல்.

கடைசி நாள் சாயங்காலம் நாலு மணிக்கு ஒரு பையன் வந்து நின்றான். "டீச்சர், அம்மா வருமானச் சான்றிதழ் வாங்கிட்டு வந்துட்டாங்க. குடுக்கச் சொன்னாங்க." அவனுடைய அம்மா தீப்பெட்டி ஆபீசில் வேலை பார்ப்பவர். அந்தச் சான்றிதழுக்காக ஒருநாள் கூலியை விட்டுவிட்டு அலைந்திருக்கிறார். அக்காவுக்கு அப்போதுதான் உறைத்தது. அன்று இரவு ஏழரை மணி வரை உட்கார்ந்து பதினொரு மாணவர்களின் விண்ணப்பங்களை ஏற்றிவிட்டுத்தான் வீட்டுக்குப் போனார்.

"அந்தப் பய மட்டும் வரலைன்னா என்னடா ஆயிருக்கும்?" என்று அன்றிரவு கேட்டார். என்னிடம் பதில் இல்லை.

இந்தத் தேர்வு அரசு, அரசு உதவிபெறும், உள்ளாட்சிப் பள்ளிகளில் படிக்கும் பிள்ளைகளுக்கானது. பெற்றோரின் ஆண்டு வருமானம் 3.5 லட்சம் ரூபாய்க்கு மிகக் கூடாது. உதவித்தொகைக்குத் தேர்வானால் ஒன்பதாம் வகுப்பிலிருந்து பன்னிரண்டாம் வகுப்பு வரை மாதம் 1,000 ரூபாய், நான்கு வருடத்துக்கு 48,000 ரூபாய் கிடைக்கும். எட்டாம் வகுப்பில் எழுதாமல் விட்டால் அடுத்த வருடம் எழுதிக்கொள்ளலாம் என்ற பேச்சே கிடையாது.

எழுதி வைத்ததால்தான் மறந்தது

'இத்தனை ஆப் இருந்தும் மறந்துவிட்டாரே' என்றுதான் முதலில் நானும் நினைத்தேன். யோசித்துப் பார்த்தால் அப்படி இல்லை. அத்தனை ஆப் இருந்ததால்தான் மறந்தார்.

முடிக்காத வேலை மனதை நச்சரித்துக்கொண்டே இருக்கும் என்பது நமக்குத் தெரிந்ததுதான். மாசிகாம்போ, பாமெய்ஸ்டர் என்ற உளவியலாளர்கள் இருவர் 2011இல் வெளியிட்ட ஆய்வு இதில் இன்னொரு விஷயத்தைக் காட்டியது. வேலையை முடிக்கவே வேண்டாம்; எப்போது, எப்படிச் செய்யப்போகிறோம் என்று தெளிவாகத் திட்டம் போட்டுவிட்டாலே அந்த நச்சரிப்பு குறைந்துவிடுகிறதாம். மனம் 'சரி, இது கணக்கில் ஏறிவிட்டது' என்று விட்டுவிடுகிறது. குறித்துவைத்ததும் ஒரு நிம்மதி வருகிறதே, அது இதனால்தான்.

ஆனால் குறித்துவைத்த இடத்தை மறுபடி திறக்க வேண்டும். திறக்கவில்லை என்றால் குறிக்காமல் இருந்ததைவிட மோசம். குறிக்காமல் விட்டிருந்தால் மனமாவது நச்சரித்துக்கொண்டே இருந்திருக்கும். அக்கா விஷயத்தில் மனமும் கைகழுவிவிட்டது, ஆப்பும் வாயை மூடிக்கொண்டது.

புது ஆப்புக்கு மாறும்போது நாம் எல்லோருமே செய்யும் தப்பு ஒன்று இருக்கிறது. பழைய வீட்டைக் காலி செய்யாமலேயே புது வீட்டில் பால் காய்ச்சிவிடுகிறோம். பாதிச் சாமான் அங்கே, பாதிச் சாமான் இங்கே. எது எங்கே இருக்கிறது என்பதை நினைவில் வைத்துக்கொள்வதே ஒரு தனி வேலையாகிவிடுகிறது.

ஆசிரியருக்கு மட்டும் ஏன் இவ்வளவு சிக்கல்?

ஐடி வேலையில் எனக்கு ஒரே வகைத் தகவல்தான், 'டாஸ்க்'. அதைச் செய்தால் டிக், செய்யாவிட்டால் திட்டு. ஆசிரியரின் மேசைக்கு வருவது அப்படி இல்லை. தேதிகள் வருகின்றன: தேர்வு, ஆய்வு, விண்ணப்பம், பெற்றோர் கூட்டம். பட்டியல்கள் வருகின்றன: யார் நோட்டு வைக்கவில்லை, யாருடைய வங்கிக் கணக்கு எண் பாக்கி. நாற்பது பேருக்கும் மதிப்பெண்கள் போட வேண்டும். பாடக் குறிப்புகள், யூடியூப் இணைப்புகள் தனி. இவற்றோடு, எந்தப் படிவத்திலும் கட்டத்திலும் அடங்காத விஷயங்களும் உண்டு. "இவன் அப்பா இறந்து மூணு மாசம்தான் ஆகுது, கொஞ்ச நாளைக்குக் கண்டிக்க வேண்டாம்" என்பதை எந்த ஆப்பில் எழுதுவது?

வருகைப் பதிவும் மாணவர் விவரங்களும் எமிஸ் தளத்தில் ஏற வேண்டும். அது கட்டாயம், அதில் ஆசிரியருக்குத் தேர்வு எதுவும் இல்லை. தேர்வு இருப்பது மிச்சமுள்ளவற்றில் மட்டும்தான். அந்த மிச்சத்தையும் ஏழாகப் பிரித்தால் என்ன ஆகும்?

எது எதற்கு ஆகும்?

அந்தச் சம்பவத்துக்குப் பிறகு ஒரு ஞாயிற்றுக்கிழமை, வீடியோ காலில் அக்காவின் போனை இருவருமாக ஒழுங்குபடுத்தினோம். முடிவில் தேறியவற்றைச் சொல்கிறேன்.

முதலில் நோஷன். அதை ஆப் என்பதைவிட ஆப் செய்யும் பட்டறை என்று சொல்லலாம். அட்டவணை, காலண்டர், குறிப்பு எல்லாவற்றையும் நாமே கோத்துக்கொள்ளலாம். அதனால்தான் அது ஒரு பொறியும்கூட. அக்கா இரண்டு ஞாயிற்றுக்கிழமை முழுக்க உட்கார்ந்து 'என் வகுப்பறை' என்று ஒரு பக்கம் செய்திருந்தார். மேலே அட்டைப்படம், ஒவ்வொரு தலைப்புக்கும் ஒரு எமோஜி. பார்க்க அவ்வளவு அழகு. உள்ளே நான்கே நான்கு குறிப்புகள் இருந்தன, கடைசிக் குறிப்பு இரண்டு மாதம் பழையது. கருவியை அலங்கரிப்பது வேலை பார்ப்பது போலவே ஒரு திருப்தியைக் கொடுக்கிறது. நானும் ஆபீசில் இதையே செய்கிறவன் என்பதால் சிரிக்கவில்லை.

ட்ரெல்லோ வேறு மாதிரி. ஒரு வேலை 'செய்ய வேண்டியது', 'நடக்கிறது', 'முடிந்தது' என்று அட்டை அட்டையாக நகரும். ஆண்டு விழா மாதிரி ஐந்தாறு ஆசிரியர்கள் சேர்ந்து செய்யும் வேலைக்கு அருமையானது. யார் கையில் எது நிற்கிறது என்று ஒரே பார்வையில் தெரியும். தனியாளுக்கு அட்டையை இழுத்து இழுத்து வைப்பதே கூடுதல் வேலை.

மைக்ரோசாஃப்ட் டு டூவில் எனக்குப் பிடித்தது 'மை டே' என்ற பகுதி. இன்று செய்யப்போகும் வேலைகளை மட்டும் அதில் சேர்க்கலாம். நள்ளிரவில் அது காலியாகிவிடும். முடிக்காத வேலை எங்கும் போகாது, அதனதன் பட்டியலில் அப்படியே இருக்கும். மறுநாள் காலையில் வேண்டியதை மறுபடி எடுத்து வைக்க வேண்டும். அந்த ஒரு நிமிடம்தான் விஷயமே. பட்டியலைத் தினமும் ஒருமுறை பார்த்தே ஆக வேண்டியிருக்கிறது.

தேதி உள்ள எதுவும் காலண்டருக்குத்தான் போக வேண்டும், குறிப்பு ஆப்புக்கு அல்ல. கூகுள் காலண்டரில் ஒரே நிகழ்வுக்கு ஒன்றுக்கு மேற்பட்ட நினைவூட்டல்கள் வைக்கலாம்: ஒரு வாரம் முன்பு, மூன்று நாள் முன்பு, அன்று காலை. அக்கா இப்போது இன்னொன்றும் செய்கிறார். அறிவித்த கடைசித் தேதியைக் குறிப்பதே இல்லை, அதற்கு மூன்று வேலைநாள் முந்தைய தேதியைத்தான் கடைசித் தேதியாகக் குறிக்கிறார். "கடைசி நாள் சர்வர் படுத்துரும்னு தெரிஞ்ச கதைதானே" என்றார்.

மாணவர் தொடர்பான பட்டியல் எதுவானாலும் கூகுள் ஷீட்ஸ். வரிசைக்கு ஒரு மாணவர், கட்டத்துக்கு ஒரு விஷயம். தவறுதலாக எதையாவது அழித்துவிட்டால் 'வெர்ஷன் ஹிஸ்டரி'யில் போய்ப் பழைய நிலையை மீட்டுக்கொள்ளலாம். இது தெரியாமல் ஒரு தடவை நாற்பது பேரின் மதிப்பெண்ணையும் திரும்ப அடித்திருக்கிறார் பாவம்.

தமிழில் தேடினால் ஏன் வருவதில்லை?

ஆங்கிலத்தில் வரும் 'பெஸ்ட் ஆப்ஸ்' கட்டுரைகள் எதிலும் இந்தப் பிரச்சினையைப் பார்க்க முடியாது. அக்கா தமிழில்தான் குறிப்பெடுப்பார். போனில் பேசித் தட்டச்சு செய்யும் வசதி வந்தபிறகு அது இன்னும் சுலபமாகிவிட்டது. சிக்கல் திரும்பத் தேடும்போதுதான். 'விண்ணப்பம்' என்று தேடினார், ஒன்றும் வரவில்லை. ஆனால் குறிப்பு அங்கேயேதான் இருந்தது, 'விண்ணப்பத்தை ஏற்ற வேண்டும்' என்று.

காரணம் இதுதான். நம் கண்ணுக்கு 'ம்' ஓரெழுத்து. யூனிகோடில் அது இரண்டு குறிகள்: 'ம', அதன்மேல் புள்ளி. 'விண்ணப்பத்தை' என்ற சொல்லில் அந்த 'ம்' இருந்த இடத்தில் 'த்' வந்துவிட்டது. எழுத்துக்கு எழுத்து ஒப்பிட்டுத் தேடும் ஆப்புக்கு இவை இரண்டும் வேறு வேறு சொற்கள். 'மாணவன்' என்று தேடினால் 'மாணவனுக்கு' வராததும் இதனால்தான். 'ன்'இல் புள்ளி இருக்கிறது, 'னு'வில் புள்ளிக்குப் பதில் உகரக் குறி இருக்கிறது.

வழி எளிது. கடைசி எழுத்தை விட்டுவிட்டுத் தேடுங்கள். 'விண்ணப்ப' என்று அடித்தால் விண்ணப்பம், விண்ணப்பத்தை, விண்ணப்பங்கள் மூன்றுமே அகப்படும். சில ஆப்கள் முழுச் சொல்லாகத்தான் தேடும், அங்கே இது பலிக்காது. ஆகவே கீப் போன்றவற்றில் குறிப்புக்கு ஒரு லேபிள் போட்டுவிடுவது நல்லது. லேபிள் எப்போதும் ஒரே வடிவத்தில் இருக்க வேண்டும். அக்காவின் போனில் ஒரே சான்றிதழ் 'வருமானச் சான்றிதழ்', 'வருமான சான்று', இது போக ஆங்கில எழுத்தில் 'இன்கம்' என்று மூன்று பெயரில் இருந்தது.

வானவில் மாதிரியான பழைய எழுத்துருக்களில் அடித்த வினாத்தாள்கள் வைத்திருக்கிறீர்களா? அவற்றை எந்தத் தேடலும் கண்டுபிடிக்காது. யூனிகோடுக்கு மாற்றினால்தான் உண்டு.

கடையை மூடினால்?

"எவர்நோட்ல என் நோட்டெல்லாம் இருக்கு, புதுசு எழுத விடமாட்டேங்குது" என்று ஒருநாள் அக்கா புலம்பினார். 2023 டிசம்பரில் எவர்நோட் இலவசக் கணக்குகளுக்கு 50 குறிப்புகள், ஒரே ஒரு நோட்புக் என்று வரம்பு வைத்தது. அதற்கு மேல் எழுதக் காசு கட்ட வேண்டும். பழையவற்றைப் படிக்கலாம், எடுத்துக்கொள்ளலாம். அந்த அளவில் இது பரவாயில்லை.

மொத்தமாக மூடிவிட்டுப் போனவையும் உண்டு. பெர்லினில் உருவான வண்டர்லிஸ்ட்டைப் பலர் ஆசையாகப் பயன்படுத்தினார்கள். 2015இல் மைக்ரோசாஃப்ட் அதை வாங்கியது, 2020 மே 6ஆம் தேதி மூடியது. ஆசிரியர்களுக்கென்றே வந்த எட்மோடோ 2022 செப்டம்பர் 22ஆம் தேதியோடு நின்றுபோனது. கொரோனா காலத்தில் கணக்கு ஆசிரியர்கள் பலருக்குக் கரும்பலகையாக இருந்த கூகுள் ஜாம்போர்டு 2024 டிசம்பர் 31ஆம் தேதியோடு முடிந்தது. சின்னக் கம்பெனி, பெரிய கம்பெனி என்ற வித்தியாசமெல்லாம் இதில் இல்லை.

ஆகவே புது ஆப் ஒன்றில் ஏறும் முன் நான் இப்போது கேட்கும் முதல் கேள்வி, 'இதில் என்னென்ன செய்யலாம்?' என்பதல்ல. 'இதிலிருந்து எப்படி இறங்குவது?' என்பதுதான். முதல் நாளே ஐந்து குறிப்புகளைப் போட்டு, எக்ஸ்போர்ட் கொடுத்து, வெளியே வருகிறதா என்று பாருங்கள். வந்த கோப்பு வேறொன்றில் திறக்கிறதா என்றும் பாருங்கள். கூகுளில் உள்ளவற்றை 'டேக்அவுட்' என்ற வசதி மூலம் மொத்தமாக இறக்கிக்கொள்ளலாம்.

தமிழ்க்காரர்களுக்கு இதிலும் ஒரு கூடுதல் தொல்லை. அக்கா மாணவர் பட்டியலை சிஎஸ்வி கோப்பாக இறக்கி எக்ஸெல்லில் திறந்ததும் பெயர்களெல்லாம் கொக்கி கொக்கியாக, புரியாத எழுத்தாக வந்தன. "போச்சுடா, எல்லாம் அழிஞ்சு போச்சு" என்று பதறிவிட்டார். எதுவும் அழியவில்லை. கோப்பு யூடிஎஃப்-8 முறையில் இருக்கிறது, எக்ஸெல் அதை வேறு முறை என்று நினைத்துப் படிக்கிறது. அந்தக் கோப்பை நேரடியாகத் திறக்காமல், எக்ஸெல்லின் 'டேட்டா' பகுதிக்குப் போய் அங்கிருந்து சிஎஸ்வியை உள்ளே கொண்டுவந்து, யூடிஎஃப்-8 என்று தேர்ந்தெடுத்தால் தமிழ் சரியாக வந்துவிடும். கூகுள் ஷீட்ஸில் திறந்தால் பெரும்பாலும் இந்தப் பிரச்சினையே வராது.

கேலரியில் கிடக்கும் ஆதார்கள்

போனைச் சுத்தம் செய்யும்போது என்னைத் திடுக்கிட வைத்தது எந்த ஆப்பும் இல்லை, போட்டோ கேலரிதான். உதவித்தொகை வேலைகளுக்காகப் பெற்றோர் வாட்ஸ்அப்பில் அனுப்பிய ஆதார் அட்டைகள், பேங்க் பாஸ்புக் முதல் பக்கங்கள், சாதிச் சான்றிதழ்கள். நான்கு வருடத்துப் பிள்ளைகளின் விவரங்கள், அக்கா வீட்டுக் கல்யாண போட்டோக்களுக்கு நடுவே கிடந்தன. கேலரி தானாகவே கிளவுடுக்கும் போய்க்கொண்டிருந்தது. அந்த போனை அவருடைய பையன் கேம் விளையாடவும் எடுப்பான்.

2023இல் வந்த டிஜிட்டல் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம் 18 வயதுக்குக் கீழுள்ள எல்லோரையும் குழந்தை என்றே கொள்கிறது. அவர்களின் தரவைக் கையாளப் பெற்றோரின் ஒப்புதல் வேண்டும் என்பது அதன் பொது விதி. சட்டம் ஒரு பக்கம் இருக்கட்டும். தீப்பெட்டி ஆபீசில் வேலை பார்க்கும் அந்த அம்மா தன் பாஸ்புக் படத்தை அனுப்பியது டீச்சரை நம்பித்தான். நாம் புதிதாக இறக்கி, 'கூகுள் மூலம் நுழைக' என்று அழுத்தி, எல்லா அனுமதியையும் கொடுத்துவிடும் ஏதோ ஓர் ஆப்பை நம்பி அல்ல.

அன்றே மூன்று வேலை செய்தோம். பதிவேற்றி முடிந்த ஆவணங்களின் படங்களை கேலரியிலிருந்தும், குப்பைத்தொட்டியிலிருந்தும், வாட்ஸ்அப்பிலிருந்தும் அழித்தோம். வாட்ஸ்அப் படங்கள் தானாக கேலரிக்குள் வருவதை நிறுத்தினோம். பிறகு கூகுள் கணக்கின் பாதுகாப்புப் பகுதிக்குப் போய் எந்தெந்த ஆப்களுக்கு அனுமதி கொடுத்திருக்கிறோம் என்று பார்த்தோம். பத்தொன்பது ஆப்கள் இருந்தன. அதில் பன்னிரண்டின் பெயரே அவருக்கு ஞாபகம் இல்லை. மாணவர் பெயரோடு போகிற எதையும் இனி புது ஆப்பில் சோதித்துப் பார்ப்பதில்லை என்று முடிவு செய்திருக்கிறார். சோதிக்க வேண்டுமென்றால் மளிகைப் பட்டியலை வைத்துச் சோதிக்கட்டுமே.

இப்போது என்ன வைத்திருக்கிறார்?

ஏழு, மூன்றாகிவிட்டது. தேதிக்கு காலண்டர், பட்டியலுக்கு ஷீட்ஸ், ஓடும்போது குறிக்க கீப். கீப்பில் எழுதியது எதுவும் அங்கே தங்கக் கூடாது. இரவு சாப்பாட்டுக்குப் பிறகு பத்து நிமிடம் உட்கார்ந்து ஒவ்வொன்றையும் காலண்டருக்கோ ஷீட்டுக்கோ அனுப்பிவிட்டு கீப்பைக் காலி செய்கிறார். முதல் வாரம் இரண்டு நாள் விட்டுப்போனது, அதற்கப்புறம் பழகிவிட்டது.

வாட்ஸ்அப் குழுவில் வரும் சுற்றறிக்கையை அங்கேயே நட்சத்திரம் போட்டு வைப்பதையும் விட்டுவிட்டார். தேதி கண்ணில் பட்டால் அந்த இடத்திலேயே காலண்டரில் ஏற்றிவிட்டுத்தான் அடுத்த மெசேஜைப் பார்க்கிறார்.

'இவன் அப்பா இறந்து மூணு மாசம்' வகைக் குறிப்புகள் மட்டும் எந்த ஆப்பிலும் இல்லை. அவற்றுக்கு ஒரு சின்ன டைரி இருக்கிறது. பென்சிலில், முழுப் பெயர் இல்லாமல், தனக்கு மட்டும் புரிகிற மாதிரி எழுதுகிறார். அதைப் பள்ளிக்கும் கொண்டுபோவதில்லை. இதற்கு ஒரு நல்ல ஆப் சொல்லவா என்று கேட்டேன். "நீ கொஞ்சம் சும்மா இரு" என்றார்.

அந்தப் பையனுக்கு உதவித்தொகை கிடைத்தது. ஆனால் அது அத்தோடு முடிகிற விஷயம் இல்லை. ஒவ்வொரு வருடமும் தேசிய உதவித்தொகை இணையதளத்தில் புதுப்பிக்க வேண்டும். அவன் இப்போது ஒன்பதாம் வகுப்புக்குப் போய்விட்டான், வகுப்பாசிரியர் வேறொருவர். இருந்தாலும் அக்காவின் காலண்டரில் அவன் பெயரின் முதலெழுத்தோடு 'புதுப்பிக்கச் சொல்லணும்' என்று ஒரு குறிப்பு இருக்கிறது, வருடா வருடம் தானாகத் திரும்ப வரும்படி, அவன் பன்னிரண்டாம் வகுப்பு முடிக்கிற வரைக்கும்.